தாமதத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

அந்த வாரம் எனக்கு வந்த பட்டியலில் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் இருந்தன. பதினொன்றை இரண்டே நாளில் எழுதி முடித்துவிட்டேன். பன்னிரண்டாவதைத் தொடவில்லை. 'அன்கான்ஷனபிள்' என்பது அந்த வார்த்தை. மனசாட்சி உள்ளவர் செய்யத் துணியாதது, மன்னிக்க முடியாதது என்று பொருள் சொல்லலாம்.

கொரியாவில் வேலைக்குப் போகிறவர்கள் ரயிலில் வரும்போதும் போகும்போதும் ஆங்கிலம் படிக்க ஒரு செயலி இருக்கிறது. அதற்குப் பாடம் எழுதுவதுதான் என் பிழைப்பு. மும்பையில், செம்பூரில் மோனோ ரயில் போகும் சத்தம் கேட்கும் ஒற்றை அறையில் உட்கார்ந்துகொண்டு, நான் பார்த்தே இராத ஊர்க்காரர்களுக்கு, எனக்கும் தாய்மொழி இல்லாத அவர்களுக்கும் தாய்மொழி இல்லாத ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். மாதம் பிறந்தால் சம்பளம் வருவதால் நான் சிரிப்பதில்லை.

பாடம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தை, அதன் பொருள், மூன்று எடுத்துக்காட்டு வாக்கியங்கள், கொரியர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறு. பிறகு அந்த மூன்று வாக்கியங்களையும் என் குரலிலேயே பதிவு செய்து அனுப்ப வேண்டும். சியோலில் ஒரு பெண் இருக்கிறார். நான் எழுதியதைச் சரிபார்த்து, கொரிய மொழியில் பெயர்ப்பது அவர் வேலை. முகம் பார்த்ததில்லை, குரல் கேட்டதில்லை. ஓரத்தில் குறிப்பு எழுதுவார், அவ்வளவுதான். ஒவ்வொரு குறிப்பையும் நன்றி என்று ஆரம்பித்து, அடுத்த வரியில் என் வாக்கியத்தைக் கழற்றிப் போட்டுவிடுவார். அவர் விடாப்பிடியாக வைத்திருக்கும் சட்டம் ஒன்று உண்டு. காரணம் வாக்கியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். ரயிலில் நின்றுகொண்டு படிக்கிறவர் 'ஏன் இப்படி' என்று யோசிக்க நேர்ந்தால் அந்த வாக்கியம் கெட்டுப்போன வாக்கியம்.

பன்னிரண்டாவது வார்த்தையோடு ஒரு நிபந்தனையும் வந்திருந்தது. மூன்று வாக்கியங்களில் ஒன்று தாமதத்தைப் பற்றி இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அந்த வார்த்தை தாமதத்தோடு சேர்ந்து வருவது வழக்கம், கொரியர்களுக்கு அது புரிவதில்லை என்று எழுதியிருந்தார். 'எங்கள் ஊரில் ஏமாற்றுகிற வியாபாரியை மனசாட்சி இல்லாதவன் என்போம். தாமதத்தை எப்படி அப்படிச் சொல்வது? தயவுசெய்து நல்ல எடுத்துக்காட்டு ஒன்று கொடுங்கள்.' அதைப் படித்ததும் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவி வைத்திருந்த பாத்திரங்களைத்தான் மறுபடியும் கழுவினேன்.

என்னிடம் எடுத்துக்காட்டு இருந்தது. ஏழு மாதமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு இருப்புக் கொள்ளாமல் இருந்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் தாராவியில் பிறந்தவர்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் சேர்ந்தவர். எனக்குப் பதினாலு வயதிருக்கும்போது யாரோ நீட்டிய இங்கிலீஷ் காகிதத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டின் மேல் அறை அடுத்தவருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு விதி. நான் படித்துப் பார்க்காமல் யாரும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. வங்கிப் படிவம், பள்ளிக்கூடத் தாள், வாடகைப் பத்திரம், எதுவாக இருந்தாலும் நான் படித்து 'சரி, போடு' என்று சொல்ல வேண்டும். அக்கா அந்த விதியைச் சாமி கும்பிடுவதுபோல் கடைப்பிடித்தாள். என்னைவிட ஏழு வயது பெரியவள். ஏழாவதோடு படிப்பை நிறுத்தி, கைப்பைகளுக்கு உள் துணி ஒட்டும் வேலைக்கு உட்கார்ந்தாள். அவள் ஒட்டியதால்தான் நான் மாட்டுங்காவில் கல்லூரிக்குப் போனேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதில் என்னைவிட அவளுக்குத்தான் பெருமை அதிகம்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம். நான் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஸ்டுடியோ எல்லாம் கிடையாது. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கனத்த போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே மைக்கைப் பிடித்துப் பேசுவேன். வேர்வை ஊற்றும். அன்றைக்கு எட்டு மணிக்குள், அதாவது சியோலின் எட்டு மணிக்குள், நம் கணக்கில் நாலரைக்குள், இருபது பாடங்களின் பதிவு போய்ச் சேர வேண்டும். தண்ணீர் குடிக்கப் போர்வையை விலக்கினேன். சத்தம் வராதபடி கட்டிலில் போட்டிருந்த போன் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அக்கா. பதினோரு தடவை கூப்பிட்டிருந்தாள். மணி இரண்டு.

முந்தின நாளும் நாலு தடவை கூப்பிட்டிருந்தாள். ஒன்று கேஸ் ஓடிபிக்காக. ஒன்று டிவியில் சேனல் வராததற்காக. ஒன்று போனில் ஏதோ கேட்கிறது, அமுக்கலாமா வேண்டாமா என்பதற்காக. நாலாவது, மூன்றாவதற்கு நான் எரிந்து விழுந்தேன் என்பதற்காக. எனக்கு அந்த எரிச்சல் மிச்சம் இருந்தது. 'இவளுக்கு வேற வேலையே இல்லை' என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு விட்ட வாக்கியத்தைத் தொடர்ந்தேன்.

நாலு பத்துக்குத் திரும்பக் கூப்பிட்டேன். அத்தானுக்கு மூளையில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆபரேஷனுக்குச் சம்மதம் கேட்டு ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா வராண்டாவில் நின்றிருந்தாள். நான் ஓடிப்போய்ப் படிவத்தை வாங்கிப் படித்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். "சரிக்கா, போடு" என்றேன். "நீ வராம நான் எப்பிடிட்டி போடுவேன்" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். அன்று சாயங்காலம் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலையில் அத்தான் போய்விட்டார்.

அந்த இரண்டு மணி நேரத்தால்தான் போனாரா என்று எனக்குத் தெரியாது. டாக்டர் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஒரே ஆள் நான்தான், ஏனென்றால் எங்கள் வீட்டில் டாக்டரிடம் பேசுகிறவள் நான்தான்.

துக்கத்துக்குத் துட்டி கேட்க வந்த பெண்கள் சந்து நிறைய உட்கார்ந்திருந்தார்கள். 'ஏன்ளா, நீ எப்ப வந்த, உன்னய எப்பக் கூப்பிட்டா' என்று ஒருத்தி கேட்டாள். போன் சைலன்ட்டில் இருந்தது என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. ஆனால் சைலன்ட் என்றால், எப்போது பார்த்தாய் என்று அடுத்த கேள்வி வரும். அதனால் "போன் ஆஃப்ல இருந்துச்சு" என்றேன்.

சுவரோரம் சாய்ந்திருந்த அக்கா நிமிர்ந்தாள். "இல்லட்டி. ரிங் போச்சே."

"இல்லக்கா. ஆஃப்லதான் இருந்துச்சு. பதட்டத்துல உனக்குத் தெரியல."

முதல் பொய்யை யாரும் சொல்லிவிடுவார்கள், உதறலில் வாயில் வருவது அது. இந்த இரண்டாவதை நான் யோசித்துச் சொன்னேன். அதில்தான் எல்லாம் இருக்கிறது. அக்கா இன்னொரு தடவை, "ரிங் போன மாதிரிதான் இருந்துச்சு" என்றாள். கூடியிருந்தவர்கள் அவள் தோளைத் தடவினார்கள். படித்தவள் ஒன்று சொல்கிறாள், ஏழாவதோடு நின்றவள் ஒன்று சொல்கிறாள். யார் பேச்சு எடுபடும்? "பாவம், அவளுக்கு அன்னைக்கு மூள கலங்கிட்டு" என்று எதிர்வீட்டு அம்மா சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தச் சந்தில் அன்று அது முடிவாகிவிட்டது.

அக்காவும் அதை நம்பிவிட்டாள் என்பது எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. வேலை முடிந்த துணிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி வைப்பாள். முப்பது வருடமாகச் செய்கிற வேலை, கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவாள். இப்போது மூன்று தடவை எண்ணினாள். எண்ணிவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னாள். ஸ்டவ்வை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்தாள். உல்லாஸ்நகரில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் போன் போடும்போது ஸ்பீக்கரில் வைத்து, பக்கத்தில் யார் இருந்தாலும், "ரிங் போகுதுல்லா? நல்லாக் கேளுங்க" என்றாள். அவர்கள் போகிறது என்று சொன்ன பிறகுதான் காதில் வைப்பாள்.

ஒரு நாள் என்னிடமே சொன்னாள். "பக்கத்துக் கட்டில்ல ஒருத்தரு இருந்தாருட்டி. நான் படிச்சுச் சொல்லுதேம்மா, போடுங்கன்னாரு. வேண்டாம், என் தங்கச்சி வந்துருவான்னுட்டேன். ஆஃப்ல கெடக்க போனை ரெண்டு மணி நேரம் அடிச்சுக்கிட்டு நின்னுருக்கேன் பாரு. ரிங் போகுதுன்னு நெனச்சுக்கிட்டு. அந்தக் கிறுக்குத்தனத்துலதான் அவ்வோ போயிட்டாவோ."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவள் புத்தி அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். எனக்கு அக்கா இருக்க மாட்டாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான். "அதெல்லாம் நெனைக்காதக்கா" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. எனக்கு என்னைப் பிடிக்கவே இல்லை.

இந்த நிலைமையில்தான் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்தது.

முதல் இரண்டு வாக்கியங்களுக்கு ஒரு வீட்டுக்காரனையும் ஒரு மருந்து வியாபாரியையும் பிடித்துப்போட்டேன். கொரியர்களின் தவறு என்ற இடத்தில், அவர்கள் இந்த வார்த்தையை ஆளுக்குச் சொல்லிவிடுவார்கள், செயலுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். அதை எழுதியபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. கெட்டது செயல்தான், ஆள் இல்லை. அந்த வித்தியாசத்துக்குள் நான் ஒரு முழு மத்தியானம் குடியிருந்தேன்.

மூன்றாவதற்கு இப்படி எழுதினேன்: 'மன்னிக்க முடியாத இரண்டு மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு அவள் தன் சகோதரியைத் திரும்ப அழைத்தாள்.' வேறு எதையாவது எழுதியிருக்கலாம். ரயில் தாமதம், நீதிமன்றத் தாமதம், இந்த ஊரில் தாமதத்துக்கா பஞ்சம். கை இதைத்தான் எழுதியது. சொறிந்தால் வலிக்கும் என்று தெரிந்தே புண்ணைச் சொறிவதில்லையா, அப்படி.

மறுநாள் காலையில் குறிப்பு வந்திருந்தது. 'நன்றி. இரண்டு கேள்விகள். ஒன்று, சகோதரி என்றால் மூத்தவரா இளையவரா? ஆங்கிலத்துக்கு அது தேவையில்லை, எங்களுக்கு இரண்டுக்கும் வேறு வேறு சொல். இரண்டு, ஏன் தாமதித்தாள்? காரணம் இல்லை. படிப்பவர்கள் குழம்புவார்கள்.'

எங்களுக்கும் வேறு வேறு சொல்தான் அம்மா என்று நினைத்துக்கொண்டேன். 'மூத்தவர். ஒன்னி' என்று எனக்குத் தெரிந்த நாலைந்து கொரியச் சொற்களில் ஒன்றைப் போட்டுப் பதில் எழுதினேன். பிறகு காரணத்தைச் சேர்த்தேன். பழகிய காரணம், ஏழு மாதமாகக் கையில் இருப்பது. 'அவளுடைய போன் அணைத்து வைக்கப்பட்டிருந்ததால், மன்னிக்க முடியாத இரண்டு மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு அவள் தன் அக்காவைத் திரும்ப அழைத்தாள்.' அனுப்பிவிட்டு அறைக்குள் நடந்தேன். பத்தடி அறை. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் எத்தனை நடை நடந்தேன் என்று தெரியாது. கீழ்வீட்டுக்காரர் கரண்டியால் மேலே தட்டினார்.

பதில் அரை மணியில் வந்தது. 'நன்றி. ஆனால் போன் அணைத்திருந்தால் அது அவள் தவறு இல்லையே. அவளுக்குத் தெரியவே தெரியாது. அவளை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். இந்தக் காரணத்தோடு இந்த வார்த்தை பொருந்தாது. இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும்.'

ஏழு மாதமாக ஒரு சந்தே சேர்ந்து பார்த்தும் காணாததை, அத்தனை தூரத்திலிருந்து ஒரு பெண் அரை மணியில் கண்டுவிட்டார். அவர்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மடிக்கணினியை மூடினேன். திறந்தேன். கீழே போய்க் கடையில் டீ சொல்லிவிட்டு, அது வருவதற்குள் மேலே வந்துவிட்டேன்.

அப்படியே மூன்று நாள் போயிற்று. நாலாவது நாள் மாட்டுங்காவிலிருந்து மேடம் கூப்பிட்டார். எனக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர், எங்கள் குழுவுக்குப் பொறுப்பு அவர்தான். பாலக்காட்டுக் குடும்பம், முப்பது வருடம் ஆபீஸ் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றும் ஓயாதவர்.

"ஏம்மா, ஒரே ஒரு வார்த்தைக்கு இத்தனை நாளா? அங்கேருந்து மெயில் மேல மெயில் வரது. என்ன ப்ராப்ளம் நோக்கு?"

"தாமதத்துக்கு வாக்கியம் சரியா வரல மேடம்."

"அக்கா தங்கையெல்லாம் எதுக்கு? சென்ட்ரல் லைன்ல ட்ரெயின் லேட்டுன்னு எழுதேன். யாருக்கும் ஒண்ணும் வலிக்காது. ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுடும்."

"சரி மேடம்" என்றேன். அவர் சொன்னது நியாயம். ரயிலை எழுதினேன். எழுதிப் பார்த்தபோது ரயில்மேல் குற்றம் சுமத்துவது எனக்கே அல்பமாகப் பட்டது. அழித்தேன். பிறகு உட்கார்ந்து, ஒரே மூச்சில் இதை அடித்தேன்: 'அக்காவின் பதினோரு அழைப்புகளைப் பார்த்தும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்த அவள், மன்னிக்க முடியாத இரண்டு மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு திரும்ப அழைத்தாள்.'

சியோலிலிருந்து உடனே வந்தது. 'நன்றி. இப்போது மிகத் தெளிவாக இருக்கிறது. இனி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பதிவுக்குப் போகலாம்.'

போர்வைக்குள் போனேன். அதே போர்வை, அதே மைக். குரலில் உணர்ச்சி இருக்கக் கூடாது, தெளிவாகவும் நிதானமாகவும் இருக்க வேண்டும் என்பது விதி. முதல் தடவை 'சிஸ்டர்' என்ற இடத்தில் குரல் உடைந்தது. இரண்டாம் தடவை வேகமாகப் படித்துவிட்டேன். ஒன்பதாவது தடவை சரியாக வந்தது. மழைச் செய்தி வாசிப்பதுபோல் சொல்லியிருந்தேன். அனுப்பினேன். யார் யாரோ காதில் மாட்டிக்கொண்டு, நின்றபடியே, என் வாயால் நான் செய்ததைக் கேட்கப் போகிறார்கள். உச்சரிப்புப் பழகுவதற்காகத் திருப்பிச் சொல்லவும் போகிறார்கள். கேட்க வேண்டிய ஒருத்திக்கு மட்டும் அந்த மொழி தெரியாது.

அதற்குமேல் வீட்டில் இருக்க முடியவில்லை. முகம்கூடக் கழுவாமல் பஸ் ஏறினேன். சயானில் இறங்கி நடந்தேன். வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நின்றேன். தொண்ணூறடி ரோட்டில் ஒரு டெம்போக்காரன் ஹாரன் அடித்து, "மௌசி, சாகணுமா" என்று இந்தியில் கேட்டான். சந்துக்குள் நுழைந்தேன்.

அக்கா தரையில் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். சொல்யூஷன் பசை வாடை வாசல் வரை அடித்தது.

"ஏட்டி, இந்நேரத்துல வந்திருக்க? லீவா?"

"இல்லக்கா. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. அதுக்கு முன்ன இந்தக் கட்ட எண்ணு. பன்னெண்டு இருக்கா பாரு."

எண்ணினேன். பன்னிரண்டு இருந்தது. சொன்னேன்.

"எனக்குப் பதினொண்ணுன்னு பட்டுது" என்றாள். அவள் முகத்தில் வெட்கம் இருந்தது. ஒரு டஜன் துணியை எண்ண என் அனுமதி கேட்கும் ஆளாக அவளை ஆக்கியது நான்.

"அக்கா. அன்னைக்கு என் போன் ஆஃப்ல இல்ல. ஆன்லதான் இருந்துச்சு. நீ கூப்பிட்டத நான் பாத்தேன்."

பிரஷ் நின்றது. "எப்பப் பாத்த?"

"ரெண்டு மணிக்கு."

"பொறவு?"

"கவுத்து வெச்சிட்டேன். வேல முடியட்டும்னு. நீ ஓடிபிக்குக் கூப்பிடுதேன்னு நெனச்சேன்."

அவள் பிரஷ்ஷை டப்பாவின்மேல் குறுக்காக வைத்தாள். ஏசுவாள், எதையாவது எடுத்து எறிவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"ரிங் போச்சா?"

"போச்சுக்கா. எனக்குத்தான் சத்தம் வராம வெச்சிருந்தேன். உனக்கு ரிங் கேட்டிருக்கும்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"என் காதுல கேட்டது சரிதானா?"

"சரிதான்க்கா. நான் சொன்னதுதான் பொய்."

மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள். மறுபடியும் சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டாள், சொன்னேன். பிறகு எழுந்து போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நைட்டிக்கு மேல் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எந்திரி. வா."

"எங்கக்கா?"

"எல்லார் வீட்டுக்கும்."

எதிர்வீட்டில் ஆரம்பித்தாள். மூளை கலங்கிவிட்டது என்று முதலில் சொன்ன அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "இவ ஒண்ணு சொல்லணுமாம், கேளுங்க" என்று அக்கா என்னை முன்னால் தள்ளினாள். நான் பதிவு வேலையைப் பற்றி, நாலரை மணிக் கெடுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "அந்தக் கதையெல்லாம் வேண்டாம். போன் விஷயத்த மட்டும் சொல்லு" என்றாள். சொன்னேன். அந்த அம்மா கீரையைக் கீழே போட்டுவிட்டு அக்காவைத்தான் பார்த்தார், என்னை இல்லை. "அப்ப நீ சொன்னது சரிதான் போலிருக்கே" என்றார். அக்கா அதற்குள் அடுத்த வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

மூன்றாவது வீட்டு மராத்திக்காரப் பெண்ணிடம் இந்தியில் சொல்ல வைத்தாள். "போன் சாலூ தா. மைனே தேகா. உட்டாயா நஹி." போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, பார்த்தேன், எடுக்கவில்லை. எந்த மொழியில் சொன்னாலும் அதன் நீளம் அவ்வளவுதான் என்று அப்போது தெரிந்தது. காரணம் என்று நான் இத்தனை நாள் கட்டி வைத்திருந்தது எதற்கும் அதில் இடம் இல்லை.

ஐந்தாவது வீட்டில் இட்லிக்கார அம்மா. கேட்டு முடிப்பதற்குள் என்மேல் பாய்ந்தார். "கூடப் பொறந்தவளா நீ? தாலி அறுந்து நின்னவள மூள கலங்கினவன்னு சொல்ல உனக்கு எப்பிடி மனசு வந்துச்சு? நீயெல்லாம் படிச்சு..."

"அத நான் கேட்டுக்கிடுதேன்" என்று அக்கா குறுக்கே வந்தாள். "அவள ஏசுதது என் பாடு. ரிங் போச்சுன்னு நீங்க தெரிஞ்சுக்கிட்டாப் போதும்."

அந்த ஒரு நொடியில் எனக்குப் பேராசை வந்துவிட்டது. என்னை விட்டுக்கொடுக்கவில்லை, மன்னித்துவிடுவாள் என்று நினைத்தேன். எட்டு வீடு முடித்துத் திரும்பும்போது அவள் நடையே வேறாக இருந்தது. சந்தில் தேங்கியிருந்த தண்ணீரைத் தாண்டி, யார் தோளையும் பிடிக்காமல், விறுவிறுவென்று போனாள். நான் பின்னால் ஓடினேன். வாசற்படியில் அவளை எட்டிப் பிடித்து, ஏழு மாதமாக அவளிடம் சொல்ல நினைத்ததைச் சொன்னேன்.

"அக்கா, நீ அன்னைக்கு அங்க காத்துக்கிட்டு நின்னது கிறுக்குத்தனம் இல்லக்கா."

படியேறப் போனவள் திரும்பினாள். கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கணக்குச் சரியாக வந்துவிட்ட ஆளின் முகம் அது.

"அது இல்லன்னுதான் இப்பத் தெரிஞ்சிட்டே" என்றாள். "பாத்தா நீ எடுத்துருவன்னு நெனச்சேம்லா, அதான்ட்டி கிறுக்குத்தனம்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பகல் நேரத்தில் அந்தச் சந்தில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.